கேரவனில் கைக்கு எட்டாத இடங்களைக் கழுவுவது எப்படி: கூரையிலிருந்து வீல் ஆர்ச் வரை

போன அக்டோபரில் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குள் மூன்று நாள் வண்டியை நிறுத்தியிருந்தோம். சில்வர் ஓக் மரத்தடி, நல்ல நிழல், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். மூன்றாம் நாள் இரவு மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் என் மனைவி தலையணையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்க, இங்க ஈரமா இருக்கு" என்றாள். டார்ச் அடித்தால், கூரை ஃபேனைச் சுற்றி உள்பக்க பிளைவுட் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உப்பியிருந்தது. விடிந்ததும் ஏணி போட்டுப் பார்த்தேன். ஃபேனுக்கும் சோலார் பேனலுக்கும் நடுவில் சில்வர் ஓக் இலை மெத்தை மாதிரி படிந்து, அணை கட்டினாற்போல் மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது. ஃபேன் ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் புகாமல் பூசும் பசையான சீலன்டில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருந்திருக்கிறது. தேங்கிய தண்ணீர் ராத்திரி முழுக்க அந்த வழியாக இறங்கியிருக்கிறது. வண்டியின் பக்கங்களை வாராவாரம் துடைத்த நான், கூரையை எட்டு மாதமாக ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

புதிதாக வண்டி எடுத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊரில் கேரவன் என்றாலே "ஷூட்டிங் வண்டியா?" என்று கேட்பார்கள், சேலம் ஏற்காடு ரோட்டில், அந்தக் காலத்து சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவுப் பக்கம் நிறுத்தினால் கட்டாயம் கேட்பார்கள். நான் சொல்வது அது இல்லை. டிராவலர் மாதிரி ஒரு வேனில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் எல்லாம் வைத்துக் கட்டிய வண்டி. எட்டரை, ஒன்பது அடி உயரம் வரும். தரையில் நின்று பார்த்தால் அதில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் தேங்குவதும் சேறு ஒட்டுவதும் துரு பிடிப்பதும் தெரியாத பாதியில்தான். அதனால் கழுவும்போது தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாக வடிகிறது என்று பார்த்துக்கொண்டே கழுவுங்கள். அழுக்கு தானாகப் போய்விடும், வண்டியைக் காப்பாற்றுவது அந்தப் பார்வைதான்.

தண்ணீர், நேரம்

சேலத்தில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே குடியிருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் வெயிலில் காய்ந்து சோலார் கண்ணாடியிலும் ஜன்னலிலும் வட்ட வட்டமாக நின்றுவிடும். ஒரு தடவை நின்றால் துணிக்கு வராது. ஆகவே முழுக்க போர் தண்ணீரில் கழுவினாலும் பரவாயில்லை, கடைசி அலசலுக்கு மட்டும் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஒரு 20 லிட்டர் எடுத்து வையுங்கள். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சிலர் வண்டி கழுவப் பிடித்து வைப்பார்கள். மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் சுத்தம் செய்யும்போது பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு வேண்டாம்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் கூரையை முடித்துவிட வேண்டும். சூடான பேனல் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது கண்ணாடிக்கு ஆகாது, சோப்பும் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். அப்புறம் ஒன்று: வீட்டு கரண்டை வண்டிக்குக் கொடுத்திருந்தால் அந்த வயரைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டும். வெளியே இருக்கும் சாக்கெட் மூடி, இன்வெர்ட்டர் காற்றுப்போக்கி, கேஸ் சிலிண்டர் பெட்டியின் துளைகள், இவற்றை பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பாலும் பிளாஸ்டிக் கவராலும் மூடிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கேஸ் பெட்டியின் துளைகளைத் திறக்க மறக்கவே கூடாது. கேஸ் கசிந்தால் வெளியே போக அதுதான் வழி.

என்னென்ன வேண்டும்

இதற்கென்று தனியாக விற்கும் விலை உயர்ந்த சாமான்கள் எதுவும் தேவைப்படவில்லை. பெயிண்டர்கள் ரோலர் மாட்டும் நீட்டிக் குறுக்கும் கம்பு ஒன்று, அதன் நுனியில் மாட்ட மிருதுவான முடி உள்ள பிரஷ் ஒன்று. வீட்டு ஒட்டடைக் கம்பு பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அதன் நைலான் முடி பெயிண்டில் கோடு போட்டுவிடும். ஒரு அங்குல பெயிண்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், நான்கைந்து மைக்ரோஃபைபர் துணி, கார் ஷாம்பு. பாத்திரம் துலக்கும் சோப்பும் துணி பவுடரும் மெழுகுப் பூச்சைத் தின்றுவிடும். கூடவே விளக்குமாற்றிலிருந்து உருவிய பத்து ஈர்க்குச்சி. அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

எனக்கு அதிகம் உதவியது தோட்டத்துக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர். முதுகில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும், அதன் நீளமான குழாய் பேனலுக்கு அடியிலும் போகும், சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச்சுக்குள்ளும் போகும். பிரஷர் வாஷர் மாதிரி சீலன்டைப் பிய்க்காது. தண்ணீரும் மிச்சம், எனக்கு மூன்று டேங்கில் முழு வண்டியும் முடிகிறது. புதிதாகவே வாங்குங்கள். களைக்கொல்லி அடித்த பழைய டேங்க்கை எவ்வளவு அலசினாலும் நம்ப முடியாது, கை, முகம், உள்ளே படுக்கும் பிள்ளைகள் எல்லாரையும் நினைத்துப் பாருங்கள்.

ஏணி போடுவதற்கு முன்னால்

செல்ஃபி குச்சியில் போனை மாட்டி, வீடியோவை ஓட விட்டு, வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கூரையில் இலை எங்கே குவிந்திருக்கிறது, குளவி கூடு கட்டியிருக்கிறதா, எல்லாம் கீழே நின்றே தெரிந்துவிடும். குளவியைப் பார்க்காமல் நேராக ஏறித் தலையை நீட்டுவது ஆபத்து. பேனலுக்கு அடியில் இருக்கும் நிழலான இரண்டு அங்குல இடைவெளி அதற்கு ரொம்பப் பிடித்த இடம்.

பின்பக்கம் பாடியோடு சேர்த்து அடித்திருக்கும் ஏணி இருந்தாலும் தனி அலுமினிய ஏணி ஒன்று அவசியம். சாய்த்து வைக்கும்போது நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் கால் தள்ளியிருக்க வேண்டும். எட்டடி உயரத்தில் சாய்கிறது என்றால் ஏணிக்கால் வண்டியிலிருந்து இரண்டடி வெளியே. மேல் நுனியில் பழைய துணி சுற்றுங்கள். ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், தனியாக இருக்கும் நாளில் ஏறவே ஏறாதீர்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நீளக் கம்பை எடுக்க வேண்டும்.

கூரைமேல் ஏறி நடக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஃபைபர் கூரையில் சோப்புத் தண்ணீர் பட்டால் கால் நிற்காது. ஒன்பது அடி உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க விரும்பவில்லை. அது போக, குறுக்குச் சட்டம் இல்லாத இடத்தில் மிதித்தால் கூரை அமுங்கி, அந்தக் குழியில் பிற்பாடு தண்ணீர் நிற்கும். ஏணியை நான்கு இடம் மாற்றிப் போட்டு, கம்பை நீட்டியே முழுக் கூரையையும் முடித்துவிடலாம். அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கூரை

முதலில் காய்ந்த இலையை, காய்ந்த நிலையிலேயே, பிரஷால் உங்கள் பக்கம் இழுத்துக் கீழே தள்ளுங்கள். நனைத்துவிட்டுத் தள்ளினால் குழம்பாகி ஃபேன் மூடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். தூசிக்கு மட்டும் இது பொருந்தாது. நகரத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவில் மேக்னசைட் வெட்டியெடுக்கும் வெள்ளைக் குன்றுகள் இருப்பது தெரியும், அந்தப் பக்கம் போய் வந்தால் வண்டிமேல் மாவு மாதிரி ஒரு படலம் நிற்கும். அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். ஸ்பிரேயரால் நனைத்து, ஐந்து நிமிடம் ஊற விட்டு, தண்ணீரோடு ஓட விடுங்கள்.

சோலார் பேனலின் மேற்பரப்பு சுலபம், மிருதுவான பிரஷும் தண்ணீரும் போதும். பறவை எச்சத்தை மட்டும் சுரண்டாதீர்கள். நனைத்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தானே இளகி வரும். காசளவு எச்சம்தானே என்று விட்டுவிடவும் கூடாது, அது மறைக்கும் செல் மின்சாரம் தருவதை விட்டுவிட்டு அங்கேயே சூடாகும், நாளடைவில் பேனல் கெடும். கஷ்டமான வேலை பேனலுக்கு அடியில்தான். ஸ்பிரேயர் குழாயை ஒரு பக்கம் நுழைத்து அடித்தால் இலையும் தூசியும் மறுபக்கம் வரும். வராத இடத்தில் மெல்லிய பிவிசி பட்டையில் துணியைச் சுற்றி நுழைத்து, மெதுவாக இழுங்கள். அங்கே வயர் ஓடுகிறது, இழுக்கும்போது எதிலாவது தடுக்கினால் உடனே நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது என் பிளைவுட்டை உப்ப வைத்த இடத்துக்கு வருகிறேன். கூரை ஃபேன், பேனல் கால்கள், ஏசி, வயர் உள்ளே இறங்கும் துளை, இப்படிக் கூரையில் எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் சுற்றிலும் சீலன்ட் இருக்கும். பெயிண்ட் பிரஷில் ஷாம்பு தண்ணீரைத் தொட்டு அந்த ஓரத்தை மட்டும் தனியாகச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு போன பிறகு பார்த்தால்தான் உண்மை தெரியும். நல்ல சீலன்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி கொஞ்சம் அமுங்கித் திரும்பும். கெட்டுப்போனது சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, நகத்தை வைத்தால் ஓரம் தூக்கும். ஃபேனின் நான்கு மூலைகளிலும் ஸ்க்ரூ தலைகளைச் சுற்றியும் நன்றாகப் பாருங்கள், எனக்கு விரிசல் இருந்தது பின்பக்க இடது மூலையில், ஒரு அரிசி நீளம்தான். சந்தேகமான இடத்தை சாக்பீஸால் வட்டமிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள். கூரை முழுக்கக் காய்ந்த பிறகு, பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பாலியூரித்தேன் சீலன்ட் போடுவதுதான் சரி. பழைய சிலிக்கான் மேலேயே புதிதாகப் பூசிவிட்டுப் போவார்கள், அது ஒட்டாது. எனக்கு ஒரு பட்டறையில் அப்படித்தான் பூசிக் கொடுத்தார்கள், அடுத்த மழையில் தோல் மாதிரி உரிந்து வந்தது.

கழுவி முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கூரையின் நடுவில் ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். இரண்டு நிமிடத்தில் வடிய வேண்டும். எங்காவது நின்றால் அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மலையில் நிறுத்தும்போது அந்த மூலை மேடாக இருக்குமாறு வண்டியைச் சாய்த்து நிறுத்தலாம்.

பக்கங்களின் மேல்பாதி, ஜன்னல், ரப்பர்

கூரை ஓரத்திலிருந்து பக்கவாட்டில் கருப்பாகக் கோடு கோடாக இறங்குகிறதே, அதைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போனவர்கள் நிறையப் பேர். அந்தக் கோடு கூரை அழுக்கு, மழையில் கரைந்து வழிவது. கூரையைச் சுத்தமாக வைத்தால் பாதி வராமலே போய்விடும். மிச்சத்துக்கு ஷாம்பு தண்ணீரில் நனைத்த துணியைக் கம்பு நுனியில் சுற்றி, மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள்.

ஜன்னல் கண்ணாடியா அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக்கா என்று தெரிந்துகொள்வது முக்கியம். விரலால் தட்டினால் அக்ரிலிக் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். அதில் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், தின்னர், பெட்ரோல், சானிடைசர் எதுவும் படக்கூடாது, பட்டால் சிலந்தி வலை மாதிரி நுண்ணிய விரிசல் விட்டுவிடும், அதற்கு மருந்தே கிடையாது. உப்பு வட்டம் படிந்திருந்தால் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒற்றி, இரண்டு நிமிடத்தில் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். ரப்பரில் வினிகர் தங்க வேண்டாம்.

ஜன்னல் சட்டத்தின் அடியிலும் கதவுக்கு அடியிலும் சின்னச் சின்ன வடிதுளைகள் இருக்கும். புதிதாக எடுத்தவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதே இல்லை. அடைபட்டால் சட்டத்துக்குள் தண்ணீர் நிறைந்து உள்பக்கம் வழியும். இங்கேதான் ஈர்க்குச்சி. கம்பியை விட்டால் பெயிண்ட் போய், போன இடத்தில் துரு தொடங்கும். ஈர்க்குச்சி வளைந்து கொடுக்கும், உடைந்தாலும் கவலையில்லை. துளையில் விட்டுச் சுழற்றி இழுத்தால் களிமண் உருண்டையாக வரும், பின்னாலேயே கலங்கலாகத் தண்ணீர் ஓடும். ஒரு துளையில் எனக்கு அரை டம்ளர் வந்தது.

மலையில் மரத்தடியில் நின்ற வண்டிக்கு இன்னும் இரண்டு தொல்லை உண்டு. சில்வர் ஓக் பூக்கும் கோடைத் தொடக்கத்தில் தேன் சொட்டி எல்லாம் பிசுபிசுக்கும், அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பலாப்பால் பட்டிருந்தால் தண்ணீர் உதவாது. தேங்காயெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, பிறகு ஷாம்பு. வண்டியின் கீழ்ப்பகுதியில் தெறித்த தாருக்கும் இதே வைத்தியம்தான், நேரம் மட்டும் கூட ஆகும்.

பின்பக்கம் ரிவர்ஸ் கேமரா, மேல் பிரேக் லைட், ஏணிப் படிகளின் அடிப்பக்கம், இவற்றுக்கு டூத் பிரஷ் போதும்.

சக்கரம், வீல் ஆர்ச், அடிப்பகுதி

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்துக்கு வந்ததும் பிரேக் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் சக்கரத்தில் தண்ணீர் அடித்தால் டிஸ்க் வளைந்துபோக வாய்ப்பு உண்டு. ஒரு டீ குடித்து, அரை மணி நேரம் கழித்து அடியுங்கள். வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் செய்தால் இன்னும் நல்லது.

மலைமேல் செம்மண். காய்ந்தால் செங்கல், நனைந்தால் பசை. வீல் ஆர்ச்சின் உள் விளிம்பு உள்பக்கமாக மடிந்து ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கும், மண் போய் உட்காருவது அதில்தான். வெளியே எல்லாம் காய்ந்த பிறகும் அந்த மடிப்பு மட்டும் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும், துரு அங்கேதான் பிறக்கும். ஒரேயடியாக வேகமாகத் தண்ணீர் அடித்தால் மேல்மண் போகும், மடிப்புக்குள் இருப்பது இன்னும் இறுகும். ஸ்பிரேயரால் நனைத்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடியும் நனைத்து, கையுறை போட்ட விரலை மடிப்புக்குள் விட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்து வாருங்கள். ஈர மண் புழு மாதிரி நீளமாக உருண்டு வரும். கடைசியில் கையுறை இல்லாமல் ஒரு தடவை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. சொரசொரவென்று பொருக்கு தட்டினால் துரு தொடங்கிவிட்டது, காய வைத்துத் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும்.

அடிப்பகுதியை வாட்டர் சர்வீஸில் கொடுத்துச் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது, எத்தனை அவசரமானாலும் கூடாது. ஆனால் சர்வீஸில் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள், கூடவே நில்லுங்கள். நான் போகும் இடத்தில் தம்பி ஒருவன் கழுவி முடித்ததும் வழக்கமாகக் கேட்பான்.

"ஏங்கண்ணா, அடியில டீசல் அடிச்சு விட்டுறட்டுங்களா? பளபளன்னு இருக்கும்."

"வேண்டாம்பா. ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப்போயிடும், தூசியும் அதுலயே ஒட்டும்."

இப்போது கேட்பதில்லை, மற்ற வண்டிக்காரர்களுக்கும் அவனே எடுத்துச் சொல்கிறான். அவனிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, அவற்றின் வால்வு, வயர் இணைப்புகள் எங்கே இருக்கின்றன என்று கையால் காட்டிவிட வேண்டும், அங்கே பிரஷர் குழாயை இரண்டடி தள்ளிப் பிடிக்க வேண்டும். சாதாரண வேனில் அந்த இடத்தில் எதுவும் இருக்காது, ஆகவே சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். கழுவியதும் தொட்டியைத் தாங்கும் பட்டைகளின் நட்டுகளை ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அத்தனை வளைவிலும் அந்தப் பட்டைதான் தாங்குகிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது நிதானமாக ஓட்டி, நாலைந்து தடவை லேசாக பிரேக் போடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துவிடும்.

கடைசி அலசல், ஆனிங்

எடுத்து வைத்த அந்த 20 லிட்டர் நல்ல தண்ணீரை இப்போது ஸ்பிரேயரில் இரண்டு தடவையாக ஊற்றி, பேனலிலிருந்து தொடங்கி ஜன்னல்கள் வரை அலசி, உடனே மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். டேப், கவர் எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். உள்ளே போய்க் கூரையின் உள்பக்கத்தை, ஃபேனைச் சுற்றியும் மூலைகளிலும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குச் சில்லென்று தெரியும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி முழுதாகச் செய்கிறேன். அது போக மரத்தடியில் தங்கி வந்த ஒவ்வொரு முறையும் கூரையை மட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் சீலன்ட் பார்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடுவதில்லை.

வண்டியின் பக்கத்திலிருந்து வெளியே இழுத்து நிழலுக்கு விரிக்கும் துணிப் பந்தல்தான் ஆனிங். அது இருந்தால் கழுவத் தொடங்கும் காலையிலேயே முழுக்க வெளியே இழுத்துவிடுங்கள். ஏற்காட்டுப் பனியில் நனைந்ததைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தால் துணியில் கருப்புப் புள்ளிகள் பூத்திருக்கும், வினிகர் கலந்த தண்ணீரை அடித்து, அரை மணி நேரம் விட்டு, மிருதுவான பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும், பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள். துணி சுருளும் பெட்டிக்குள் பல்லி முட்டையும் எறும்பும் இருக்கும், பெயிண்ட் பிரஷால் தள்ளிவிடுங்கள். தண்ணீர் ஒரு பக்கமாக வடியும்படி ஒரு காலைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துவிட்டு அப்படியே விடுங்கள். மாலை நான்கு மணிக்குப் போய், தையல் ஓடும் மடிப்பை இரண்டு விரலால் கசக்கிப் பாருங்கள், துணியில் கடைசியாகக் காய்வது அதுதான். அதுவும் காய்ந்திருந்தால் சுருட்டிவிடலாம்.